விளாவாதீர்கள்!

திருவனந்தபுரத்துத் தமிழ் வாசகர்களிடம் இந்த முறை குடிதண்ணீர் பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி தண்ணீரைப் பற்றி, மீதி பக்கத்து வீட்டைப் பற்றி. இரண்டுக்கும் பதில் உண்டு.

ஹோட்டலில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைக்கிறார்களே, அந்தச் சிவப்பு கிருமியைக் கொல்லுமா?
— அக்ரஹாரத்து மாமி, கரமனை

சிவப்பு என்பது பதிமுகக் கட்டையின் சாயம், மாமி. கிருமியைக் கொல்வது அடுப்பு. இந்த ஊரில் அந்த நிறத்தைப் பார்த்ததுமே "காய்ச்சின தண்ணி" என்று மனசு நம்பிவிடுகிறது. நம்பிக்கை இருக்கும் இடத்தில் தில்லுமுல்லுக்கும் இடம் உண்டு. சின்னப் பாத்திரத்தில் கட்டையைப் போட்டுக் கொதிக்கவிட்டு, அதைப் பெரிய அண்டாவில் இருக்கும் பச்சைத் தண்ணீரில் ஊற்றினால் நிறமும் வரும், வெதுவெதுப்பும் வரும், கேஸும் மிச்சம். நாம் குளிப்பதற்கு விளாவுகிறோம், அவர்கள் குடிப்பதற்கு விளாவுகிறார்கள்.

மஞ்சள்காமாலை தலைகாட்டும்போதெல்லாம் கேரள சுகாதாரத் துறை சலிக்காமல் சொல்லும் அறிவுரை இதுதான்: கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைச் சேர்க்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டிகிரியில் இருப்பது பாதி, நம் ஊர்க் குழாயின் 28 டிகிரி பாதி என்று கலந்தால் 64 டிகிரி. அது மேசைக்கு வருவதற்குள் இன்னும் இறங்கிவிடும். காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸோ 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் முழுதாகச் சாகாத பிடிவாதக்காரன்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில், டம்ளர் வந்த உடனே மடக்கென்று குடிக்கிற சூட்டில் இருந்தால் சந்தேகப்படுங்கள். காலையிலேயே காய்ச்சி மூடி ஆறவைக்கும் நல்ல கடைகள் உண்டு; அங்கே தண்ணீர் முழுதாக ஆறியிருக்கும். அப்போதுதான் இறக்கியது என்றால் ஊதிக் குடிக்க வேண்டியிருக்கும். நடுவில் நிற்கிற வெதுவெதுப்புதான் வில்லன்.

இருபது நிமிஷம் கொதிக்கவிடு என்கிறாள் மனைவி. சிலிண்டர் விலை தெரியுமா அவளுக்கு?
— மளிகை வியாபாரி, சாலைக் கடைத்தெரு

அவருக்குத் தெரியும், உங்களுக்குத்தான் கிருமியைத் தெரியாது. ஆனால் இந்த வழக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள். தண்ணீர் குபுகுபுவென்று நன்றாகக் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் போதும். வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் 70 டிகிரிக்குள்ளேயே அடங்கிவிடும். மேலே சொன்ன பிடிவாத வைரஸ் 85 டிகிரியில் ஒரு நிமிடம் தாங்காது. பிறகு ஏன் 100 வரை போகச் சொல்கிறார்கள்? சமையலறையில் தெர்மாமீட்டர் இல்லை, குமிழி இருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே சூடு அது.

கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் குடியிருந்தால் மூன்று நிமிடம். பொன்முடிக்கே அந்த உயரம் கிடையாது. மிச்சம் பத்தொன்பது நிமிடத்துக் கேஸில் மனைவிக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்கள்.

குழாயில் வருவது எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர்தானா? நேரே பிடித்துக் குடிக்கலாமா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சாஸ்தமங்கலம்

கரமனை ஆறுதான். மலைக்காட்டுக்குள் பேப்பாறை அணை, அதற்குக் கீழே அருவிக்கரை அணை. 1933-ல் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு வந்து திறந்துவைத்த திட்டம் இது. அவர் பெயரிலேயே வில்லிங்டன் வாட்டர் ஒர்க்ஸ். ஊர் பெருகப் பெருக அருவிக்கரை மட்டும் போதாமல் 1983-ல் பேப்பாறையில் நீர் தேக்க ஆரம்பித்தார்கள். மறு வருடம் கேரள வாட்டர் அதாரிட்டி பிறந்தது.

அருவிக்கரையில் நடப்பது இதுதான்: தண்ணீருக்குக் காற்றூட்டுவது, படிகாரம் சேர்த்துக் கலங்கலைத் திரட்டிப் படியவைப்பது, மணல் வடிகட்டி, கடைசியில் குளோரின். நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் யோக்கியமானது. பிறகு அது நிலத்துக்கடியில் போகும் பயணம்தான் நீங்கள் கவலைப்பட வேண்டிய பகுதி.

குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும், வெளியே இருப்பது உள்ளே வராது. சப்ளை நின்றதும் நிலைமை தலைகீழ். குழாய் காலியாகும்போது அதே விரிசல் வழியே சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் மழைநீரா, ஓடை நீரா, கழிவுநீரா என்று குழாய் விசாரிப்பதில்லை. 2024 செப்டம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலைக்காகக் குழாயை மாற்றிப் பதிக்கப் போய், 48 மணி நேரம் என்று சொன்னது நாலைந்து நாளாக இழுத்து, நகரத்தின் 44 வார்டுகள் குடத்தோடு தெருவில் நின்றன. பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விட்டார்கள். அப்படி நின்று திரும்பி வரும் தண்ணீரின் முதல் பங்கைச் செடிக்கு ஊற்றுங்கள். தெளிந்து வந்தபிறகு பிடித்து, அதையும் காய்ச்சிக் குடியுங்கள்.

இந்தப் பயணத்துக்காகத்தான் குளோரினைக் கொஞ்சம் மிச்சம் வைத்து அனுப்புகிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500), உங்கள் வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது தங்கியிருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் பயம் இருக்கிற இடத்தில் 0.5. அந்த மிச்சம்தான் வழித்துணை. அது இருக்கிறதென்று தெரிந்தால் நேரே குடிக்கலாம், தெரியாத வரை அடுப்பு.

குழாய்த் தண்ணீரில் மருந்து நாற்றம். புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.
— யோகா ஆசிரியை, பட்டம்

வாட்ஸ்அப்பில் வந்தது அரைக்கால் உண்மை, அதனால்தான் அது வேகமாகப் பரவுகிறது. குளோரின், தண்ணீரில் கிடக்கும் இலைதழை மக்கலோடு சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் என்ற வகையறாவைக் கொஞ்சம் உண்டாக்கும். அதற்கும் தர நிர்ணயத்தில் உச்ச வரம்பு உண்டு. உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: அந்தச் சேர்மங்களால் வரக்கூடிய ஆபத்து, கிருமி நீக்காமல் விட்டால் வரும் ஆபத்துக்கு முன்னால் மிகச் சிறியது. எழுபது வயதில் ஒருவேளை வரலாம் என்பதற்குப் பயந்து, ஏழு வயதுக் குழந்தைக்கு அடுத்த வாரம் வாந்திபேதி வர வழி செய்ய வேண்டாம்.

நாற்றம் பிடிக்கவில்லையென்றால் அகல வாய்ப் பாத்திரத்தில், மெல்லிய துணி மூடி, சில மணி நேரம் வையுங்கள். போய்விடும். ஆனால் நாற்றம் போனால் காவலும் போயிற்று என்று அர்த்தம். அந்தத் தண்ணீரை அன்றைக்கே குடித்து முடித்துவிடுங்கள்.

குளோரினை முதலில் யார் தண்ணீரில் கலந்தது? மக்கள் ஒத்துக்கொண்டார்களா?
— பல்கலைக்கழக மாணவி, காரியவட்டம்

ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டிருந்தால்தானே! 1905-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் டைபாய்டு கிளம்பியபோது கலந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் 1908-ல் ஜான் லீல் என்ற மருத்துவர், ஜெர்சி சிட்டிக்குப் போகும் நீர்த்தேக்கத் தண்ணீரில் யாரிடமும் அனுமதி கேட்காமல் சுண்ணாம்புக் குளோரைடைச் சேர்த்துவிட்டார். ஊர் தண்ணீரில் விஷம் கலந்தாயா என்று கோர்ட்டில் நிறுத்தினார்கள். "இதை உன் வீட்டில் குடிப்பாயா?" என்ற கேள்விக்குக் குடிப்பேன் என்றார். தீர்ப்பு அவர் பக்கம். லீலின் தந்தை, உள்நாட்டுப் போரின்போது கெட்ட தண்ணீரால் வந்த நோயில் பல வருடம் கிடந்து செத்தவர். மகன் கேட்காமல் கலந்ததன் நியாயம் எனக்கு அங்கே புரிகிறது. இன்றைக்கு ஒரு அதிகாரி அப்படிச் செய்தால் நானே கடிதம் எழுதுவேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் கிணற்றுக்கு ஆஷா சேச்சி வந்து பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போனார். எவ்வளவு கொட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானே செய்யலாமா?
— வீட்டுக்காரர், நேமம்

செய்யலாம், கொட்டத்தான் கூடாது. அளவு இதுதான்: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வெள்ளம் வடிந்த பிறகோ, ஊரில் மஞ்சள்காமாலையோ பேதியோ இருந்தாலோ இரட்டிப்பு, 5 கிராம்.

கிணற்றில் எத்தனை லிட்டர் என்று எப்படித் தெரியும்? வட்டக் கிணற்றின் குறுக்களவில் பாதியை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, தண்ணீர் நிற்கும் ஆழத்தால் பெருக்கி, கடைசியில் ஆயிரத்தால் பெருக்குங்கள். உங்கள் கிணறு இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 9,420 லிட்டர். அதற்குச் சுமார் 24 கிராம் போதும், இரட்டிப்பு என்றால் 47. கையால் அள்ளிக் கொட்டுகிறவர்கள் இதைப் பார்த்தால் வெட்கப்பட வேண்டும். நகை எடை போடும் தராசு வேண்டாம், சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

இனி செய்முறை. பவுடரைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் பக்கெட் நிரப்பிக் கலக்குங்கள். பத்து நிமிடம் அசையாமல் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததுதான் மருந்து. தெளிவை மட்டும் கிணற்று வாளிக்கு மாற்றி, தண்ணீருக்கடியில் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலந்துவிடுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பு கிணற்றுக்குள் போக வேண்டாம். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. ராத்திரி கலந்து காலையில் எடுப்பது உத்தமம். இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடமே யாராவது வாளியோடு வந்து நிற்பார்கள்.

போன வருடத்துப் பாக்கெட் மூலையில் திறந்து கிடக்கிறதா? வெயிலும் ஈரமும் குளோரினைக் குடித்திருக்கும், மீதி சுண்ணாம்பு. நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்க வேண்டும். மூக்கில் சுரீரென்று ஏறாத பவுடரைக் கிணற்றில் போடாதீர்கள்.

பிளீச்சிங் போட்ட மறுநாள் கிணறு துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டது. மாமனார் என்னைத்தான் திட்டுகிறார்.
— மருமகன், வட்டியூர்க்காவு

உங்கள் கிணற்றில் இரும்புச் சத்து இருக்கிறது. கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது, குளோரின் பட்டதும் துருவாகத் திரண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு நாளில் அடியில் படியும், வடிகட்டினாலும் போகும். மாமனாரிடம் இரும்பு அவருடைய கிணற்றினுடையது என்று சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கிணற்றுக்கு அருகிலேயே செப்டிக் டேங்க் கட்டுகிறார். கேட்டால் "சட்டப்படிதான்" என்கிறார்.
— பெயர் வேண்டாம், பேரூர்க்கடை

டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். கேரளக் கட்டட விதி கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் கேட்கிறது. அதற்குள் இருந்தால் மாநகராட்சியில் எழுதிக் கொடுங்கள். வெளியே இருந்தால் சட்டம் அவர் பக்கம், மண் யார் பக்கம் என்பது வேறு கேள்வி. நம் ஊர் வெட்டுக்கல் பாறை முழுக்கத் துளை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறிவரும்போது அந்தத் துளைகள் வழியே எது எங்கே போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அவருடைய டேங்க் மேட்டிலும் உங்கள் கிணறு பள்ளத்திலும் இருந்தால் 7.5 மீட்டர் எனக்குப் போதாது.

கேரளம் உலகத்திலேயே கிணறு நெருக்கமான இடங்களில் ஒன்று. வீட்டுக்கொரு கிணறு என்பது பெருமை. வீட்டுக்கொரு கிணறும் வீட்டுக்கொரு செப்டிக் டேங்கும் ஐந்து சென்ட் மனையில் என்பது கணக்குப் பாடம். ஒரு தடவை குளோரின் போட்டால் ஒரு தடவைக்குத்தான். கசிவு தினமும் வந்தால் குளோரின் தினமும் வேண்டும். அதற்கென்றே மணலோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்து துளையிட்ட பானைக்குள் பானையாக வைத்துக் கிணற்றில் தொங்கவிடும் முறை ஒன்று உண்டு. மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள்.

வடிகட்டி விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டார். கறுப்பும் சிவப்புமாகக் கசண்டு வந்தது! ஆர்.ஓ. வாங்கிவிட்டேன்.
— ஐ.டி. ஊழியர், கழக்கூட்டம்

கசண்டு வந்தது அவருடைய கம்பியிலிருந்து. இரும்புக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால் இரும்பு கரைந்து துருவாகத் தண்ணீரில் மிதக்கும். ஒப்பிட்டுக் காட்ட அவர் கையில் வைத்திருந்த 'சுத்தமான' தண்ணீரில் உப்பே கிடையாது, அதனால் மின்சாரம் பாயவில்லை, அதனால் தெளிவாக நின்றது. இந்த வித்தையைக் கிழக்கே கோட்டை வாசலில் செய்திருந்தால் காசு போட்டுவிட்டு வந்திருப்பீர்கள், வீட்டுக்குள் செய்ததால் காசோலை கொடுத்திருக்கிறீர்கள்.

அவர் காட்டிய டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பை எண்ணுகிறது. காலரா கிருமியை அதனால் எண்ண முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் கரமனை ஆற்றில் உப்பு ஏற்கெனவே குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் பிடுங்கி, அதற்காக இன்னொரு பங்கு நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விடும் இயந்திரம் நம் ஊருக்கு ஏன்? கடலோரத்துக் கிணறு உப்புக் கரித்தால் வாங்குங்கள். கிருமிதான் பயம் என்றால் புறஊதா விளக்கு வைத்த சாதனம் போதும். அதிலும் ஒன்றை மறக்க வேண்டாம்: விளக்கு கடந்து வந்த தண்ணீருக்கு வழித்துணை கிடையாது. அழுக்கு ஜாடியில் பிடித்தால் அழுக்குத் தண்ணீர்தான்.

தாமிரச் செம்பில் ராத்திரி ஊற்றிவைத்துக் குடிக்கிறேன். போதும்தானே?
— ஆயுர்வேத அன்பர், ஸ்ரீகாரியம்

பாதி போதும். பெங்களூரில் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், பேதி உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தாமிரப் பானையில் 16 மணி நேரம் வைத்ததும் அவை காணாமல் போயின. பாட்டி சொன்னதில் விஷயம் இருந்தது. ஆனால் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரம்தான் ஆகிறது, கவனித்தீர்களா? வைரஸுக்கும் அமீபாக் கூட்டுக்கும் அந்த ஆய்வு உத்தரவாதம் தரவில்லை. காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தாமிரத்தில் ஊற்றிவையுங்கள், இரண்டு பக்கமும் சண்டை இல்லை.

அமீபா மூளையைத் தின்கிறதாமே! தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கிறது.
— இரண்டு குழந்தைகளின் தாய், நெய்யாற்றின்கரை

குடிப்பதற்குப் பயப்பட வேண்டாம். நெக்லேரியா ஃபௌலேரி வாய் வழியே வயிற்றுக்குப் போனால் ஒன்றும் செய்யாது. அதற்கு வேண்டியது மூக்கு. மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்பு வழியே மூளைக்கு ஏறுகிறது. ஆகவே பயப்பட வேண்டியது தேங்கிய, சூடான தண்ணீரில் தலைகுப்புறக் குதிப்பதற்கு.

கேரளத்தில் முதல் நோயாளி 2016-ல் ஆலப்புழையில் தெரியவந்தார். 2024-ல் உங்கள் நெய்யாற்றின்கரைப் பக்கமே குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு வந்தது. உலகம் முழுக்க இந்த நெக்லேரியா வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் பிழைத்தால் அதிகம் என்றிருந்த நோய். அதே வருடம் கோழிக்கோடு மாவட்டத்துப் பதினான்கு வயதுப் பையன் பிழைத்து எழுந்தான். சீக்கிரம் கண்டுபிடித்ததும் மருந்தை வரவழைத்ததும் கைகொடுத்தன. 2025-ல் எண்ணிக்கை கூடியதும் ஆகஸ்ட் இறுதியில் 'ஜலமாணு ஜீவன்' என்று பெயர் வைத்து மாநிலம் முழுக்கக் கிணறுகளுக்குக் குளோரின் போடக் கிளம்பினார்கள்.

உங்கள் வேலை மூன்று: பிள்ளைகளைப் பாசி பிடித்த குளத்தில் குதிக்க விடாதீர்கள், தொட்டியை மாதக்கணக்கில் கழுவாமல் விடாதீர்கள், மூக்கில் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்யும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும். காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு என்று வந்தால் "குளத்தில் குளித்தான்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பிள்ளை திட்டுக்குப் பயந்து மறைப்பான், நீங்கள் மறைக்காதீர்கள்.

குலுக்கி சர்பத் குடிக்கலாமா?
— வாயூறுபவர், தம்பானூர்

குலுக்குவதில் கிருமி சாகாது. உறையவைத்தாலும் சாகாது, தூங்கும், அவ்வளவுதான். தண்ணீர் காய்ச்சியதா என்று கேட்கிற நாம் ஐஸ் எந்தத் தண்ணீர் என்று கேட்பதே இல்லை. ஐஸ் இல்லாமல் குலுக்கித் தரச் சொன்னால் கடைக்காரர் பார்க்கும் பார்வைக்கு நான் பொறுப்பல்ல.

நாகர்கோவில் சம்பந்தி வீட்டில் "நாங்க காலங்காலமா பச்சைத் தண்ணிதான் குடிக்கோம், ஒண்ணும் ஆகல" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— சம்பந்தி, வலியசாலை

ஏதாவது ஆனவர்கள் பதில் சொல்ல வரவில்லை என்று சொல்லலாம். கல்யாணம் முடிந்த பிறகு சொல்லுங்கள். கல்யாணம் இன்னும் ஆகவில்லையென்றால் பந்தியில் வைக்கும் வரவேற்புப் பானத்தை எந்தத் தண்ணீரில் கலக்குகிறார்கள் என்று மட்டும் விசாரித்து வையுங்கள். கேரளத்தில் மஞ்சள்காமாலை கூட்டமாக வந்த கதைகளில் கல்யாண மண்டபமும் உண்டு. மாப்பிள்ளை வீடு பெண் வீடு பார்த்து வருவதில்லை அது.

குளோரின் போட்ட தண்ணீரைக் குடித்தும் ஊரோடு காமாலை வருகிறதே, எப்படி?
— மருந்துக் கடைக்காரர், ஆற்றுக்கால்

இந்த மடல்களில் எனக்குப் பிடித்த கேள்வி இது. பதிலுக்கு டெல்லி போக வேண்டும். 1955-ல் யமுனை தடம் மாறி, நஜஃப்கர் சாக்கடையின் கழிவு வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. பொறியாளர்கள் கவனித்தார்கள், குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு கூடவில்லை, பேதி கூடவில்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள். டிசம்பரிலிருந்து ஜனவரிக்குள் சுமார் 29,300 பேருக்கு மஞ்சள்காமாலை. பின்னாளில் அது ஹெபடைட்டிஸ் ஈ என்று தெரிந்தது. கலங்கலோடு வந்த கழிவு குளோரினைத் தின்றுவிட்டது. மீதி இருந்தது பாக்டீரியாவுக்குப் போதுமாக இருந்தது, வைரஸுக்கு எட்டவில்லை.

எர்ணாகுளம் மாவட்டம் வேங்ஙூரில் 2024 ஏப்ரல், மே மாதங்களில் 200 பேருக்கு மேல் ஹெபடைட்டிஸ் ஏ வந்தது, உயிரும் போனது. ஊருக்கு விநியோகித்த தண்ணீரில் குளோரின் சரியாகச் சேரவில்லை என்ற புகாரின் பேரில் மாவட்ட நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. கொடுமை என்னவென்றால், இந்த வைரஸ் உள்ளே போய்க் கண் மஞ்சளாக இரண்டிலிருந்து ஏழு வாரம் ஆகும். நோயாளி உங்கள் கடை வாசலில் நிற்கும்போது அவர் குடித்த தண்ணீர் எப்போதோ கடலுக்குப் போயிருக்கும்.

குளோரின் வேலை செய்ய மூன்று வேண்டும்: அளவு, நேரம், தெளிந்த தண்ணீர். பெரும்பாலும் முதலாவதைப் பற்றி மட்டும்தான் சண்டை நடக்கிறது. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வாசல்படி தாண்டும் முன்பே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல, குளோரினைக் கலந்த கையோடு தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். அரை மணி நேரமாவது அதை அதன் போக்கில் விட வேண்டும்.

கலங்கல் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை உரசினால் கிருமி போகுமா?
— பழைய ஆள், கோட்டையகம்

கலங்கல் போகும், கலங்கலோடு ஒட்டிக்கொண்ட கிருமியில் ஒரு பங்கும் போகும். மற்றது தெளிந்த தண்ணீரில் தெளிவாக நீந்தும். தேற்றாங்கொட்டைக்குப் பிறகு அடுப்பு.

பெட் பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்தால் போதுமாமே?
— மாடித் தோட்டக்காரர், குமாரபுரம்

உண்மைதான். தெளிந்த தண்ணீர், நிறமில்லாத பாட்டில், நல்ல வெயிலில் ஆறு மணி நேரம். மேகம் மூடினால் தொடர்ந்து இரண்டு நாள். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் இந்த ஊரில் பாட்டிலை மாடியில் வைப்பது மழைநீர் சேகரிப்பு.

எங்கள் ஃபிளாட்டில் மேல்தொட்டியைக் கழுவி இரண்டு வருடம் ஆகிறது. செயலாளர் "அதான் எல்லா வீட்டிலும் ஃபில்டர் இருக்கே" என்கிறார்.
— மூன்றாம் மாடி, வழுதக்காடு

செயலாளரை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய் மூடியைத் திறந்து காட்டுங்கள். பல்லி இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். இல்லாவிட்டால் சொல்லுங்கள்: பல் தேய்ப்பதும், கீரை கழுவுவதும், குழந்தை ஷவரில் வாயைத் திறந்து நிற்பதும் ஃபில்டர் தண்ணீரில் அல்ல. அடியில் சேறு சேர்ந்த தொட்டியில், அருவிக்கரையிலிருந்து துணைக்கு வந்த குளோரின் வெகுநேரம் தாக்குப்பிடிக்காது.

பிராந்தியில் கலந்தால் தண்ணீரில் கிருமி செத்துவிடும் என்கிறான் நண்பன்.
— வார இறுதி விஞ்ஞானி, பாளையம்

கிருமியைக் கொல்ல 60 சதவீதத்துக்கு மேல் சாராயம் வேண்டும். பெவ்கோ பாட்டிலில் இருப்பதே 43-க்குள். அதில் தண்ணீரும் ஐஸும் சேர்த்தால் கிருமிக்கும் உங்களுக்கும் ஒரே அளவு போதைதான்.

தண்ணீர் சுத்தமா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?
— அறிவியல் ஆசிரியர், கிள்ளிப்பாலம்

இரண்டு. குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி; சொட்டு விட்டதும் மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்று வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். மற்றொன்று, ஹெச்2எஸ் குப்பி. மலக் கிருமிகள் இருந்தால் குப்பிக்குள் இருக்கும் மருந்துக் காகிதம் கறுத்துவிடும். இதைக் குவாலியர் ராணுவ ஆய்வுக்கூடத்தில் மாஞ்சா என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 1982-ல் உருவாக்கினார்கள். உலகம் முழுக்கக் கிராமங்களில் பயன்படுகிறது. குளிர் நாடுகளில் இதைச் சூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். நமக்கு அலமாரியே போதும், ஒன்றிரண்டு நாளில் பதில் வந்துவிடும். உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு குப்பி கொடுத்து அவரவர் வீட்டுத் தண்ணீரை எடுத்துவரச் சொல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு எல்லோரும் வருவார்கள்.

கறுக்காவிட்டால் அன்றைக்கு எடுத்த அந்தத் தண்ணீருக்குத்தான் சான்றிதழ், கிணற்றுக்கு ஆயுள் சான்றிதழ் அல்ல. மழை பெய்த மறுவாரம் இன்னொரு தடவை பாருங்கள்.

குழாய்த் தண்ணீர் மாற்றியதும் தொட்டி மீன்கள் செத்தன. மீனைக் கொல்வது நம்மைக் கொல்லாதா?
— ஏழாம் வகுப்பு, மணக்காடு

நல்ல கேள்வி, கண்ணா. மீன் அந்தத் தண்ணீரையே செவுளால் மூச்சாக இழுக்கிறது. குளோரின் செவுளைப் பொசுக்கிவிடும். நீ குடிப்பது வயிற்றுக்குப் போகிறது, போகும் வழியிலேயே எச்சிலும் உணவும் அந்தத் துளி குளோரினைத் தீர்த்துவிடும். அடுத்த தடவை தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்துவிட்டு மீனுக்கு ஊற்று.

குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரில் சுவாமிக்கு அபிஷேகம் செய்யலாமா?
— குருக்கள், ஸ்ரீவராகம்

சுவாமிக்கு எந்தத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும். தீர்த்தம் வாங்குகிறவர்கள் நாற்பது பேர், உத்தரணி ஒன்று, பாத்திரம் காலையிலிருந்து திறந்திருக்கிறது. குளோரின் வாடை அடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும், குருக்களே. துளசி வாசனை மூடிவிடும்.